சபாட்டிகல் விடுப்பு: வெளிநாட்டு அழைப்பு இல்லாமல் உள்ளூர்க் களப்பணிக்கு எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

ஏரிக்கரை எழுதியது:

வணக்கம். நான் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் இணைப்பேராசிரியர். 2017இல் இந்தப் பதவி உயர்வு கிடைத்தது, ஆக ஏழு வருடச் சேவை முடிந்துவிட்டது. ஒரு வருட சபாட்டிகலுக்கு, அதாவது ஏழு வருடச் சேவைக்குப் பின் ஆராய்ச்சிக்காகச் சம்பளத்தோடு தரப்படும் விடுப்புக்கு, விண்ணப்பிக்கலாம் என்று துறைத்தலைவரிடம் பேசினேன். "எந்த நாட்டுக்குப் போகிறீர்கள், அழைப்புக் கடிதம் எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார். எந்த நாட்டுக்கும் போகவில்லை, தமிழ்நாட்டு ஏரிகளிலும் கிழக்கு மலைகளிலும்தான் வேலை என்றேன். "அதைச் சனி ஞாயிறில் செய்யலாமே மேடம், இதற்கு எதற்கு ஒரு வருடம்?" என்று முடித்துவிட்டார்.

எதற்கு ஒரு வருடம் என்பதை இங்கே விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் வேறு துறைக்காரர்களுக்கும் அந்தச் சந்தேகம் வரலாம். நான் பார்ப்பது கோரைக் குடும்பம். பத்தமடைப் பாய்க்கு எடுக்கும் கோரை, வயலில் பிடுங்கப் பிடுங்க முளைக்கும் கோரைக்கிழங்கு இவற்றை எல்லாருக்கும் தெரியும். இவற்றின் உறவினர்கள் நம் ஏரிக்கரைகளிலும் மலைச் சதுப்புகளிலும் ஏராளமாக இருக்கிறார்கள். ஃபிம்பிரிஸ்டைலிஸ் என்ற பேரினத்தில் பல இனங்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பிரித்துச் சொல்ல வேண்டுமானால் முற்றிய விதையை நுண்ணோக்கியில் வைத்து அதன் மேல்தோலைப் பார்க்க வேண்டும். பூக்கும்போது போனால் விதை இருக்காது, விதை உதிர்ந்தபின் போனால் வெறும் புல்தான் இருக்கும். சமவெளி ஏரிகளில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின், நீர் வடிய வடிய ஒவ்வொரு இனமாகத் தலைகாட்டும். மலை உச்சிகளில் காலம் வேறு. எனக்கு வகுப்பில்லாத மே மாதத்தில் ஏரி காய்ந்து வெடித்துக் கிடக்கும். அந்த மாதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

தென்னிந்தியக் கோரைகளுக்கு இன்றும் நாங்கள் கையில் எடுக்கும் பழைய நூல் சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றி கேம்பிள் தொடங்கியது. அவர் 1925இல் இறந்தபின் ஃபிஷர் அதை முடித்துவைத்தார். கோரைக் குடும்பம் ஃபிஷர் எழுதிய பகுதியில் இருக்கிறது, 1931இல் வந்தது. அதற்குப் பிறகு எத்தனை ஏரிகள் பேருந்து நிலையமாகிவிட்டன. இருக்கிற ஏரிகளில் இப்போது என்ன இருக்கிறது என்று ஒரு முழு வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை.

கேள்விகள்:

வெளிநாட்டு அழைப்பு கட்டாயமா? முழுச் சம்பளம் உண்மையிலேயே கிடைக்குமா? 2018-19இல் ஒரு வருடப் பயிற்சி ஃபெலோஷிப்பில் போயிருந்தேன், அது தடையாகுமா? பிஎச்டி மாணவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள், அவர்களை என்ன செய்வது? என் வகுப்புகளை யார் எடுப்பார்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

எடுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள். கேட்டவுடன் "ஒரு வருடம் சும்மா சம்பளமா?" என்று சக ஆசிரியர்களே சொல்வதைக் கேட்டு மனம் நொந்துபோயிருக்கிறேன்.

பழைய ஃபைல் எழுதியது:

மேடம், நான் ஒரு பல்கலைக்கழகத்தின் நிர்வாகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆசிரியர் விடுப்பு ஃபைல்கள் என் மேசை வழியாகத்தான் போகும். விதி என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 ஒழுங்குமுறையில் சபாட்டிகலுக்கு என்று தனிப் பகுதி இருக்கிறது. அதில் வெளிநாடு என்ற நிபந்தனையே கிடையாது. படிப்பு, ஆராய்ச்சி அல்லது வேறு கல்விப் பணி, அது உங்கள் திறமையையும் பல்கலைக்கழகத்துக்கு உங்களால் ஆகும் பயனையும் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் மதுராந்தகம் ஏரியில் இறங்கினாலும் மாசாசூசெட்ஸ் போனாலும் விதிக்கு ஒன்றுதான். வெளிநாட்டு அழைப்பு கேட்பது பழக்கத்தில் வந்தது. துறைத்தலைவர் மறுபடி கேட்டால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் எழுத்தில் கேளுங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு வருடத்துக்கு மேல் கிடையாது, மொத்தப் பணிக்காலத்தில் இரண்டு வருடம். படிப்பு விடுப்போ ஒரு வருடமும் அதற்கு மேலும் நீளும் பயிற்சியோ போய்வந்தவர், திரும்பிய தேதியிலிருந்து ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். நீங்கள் 2019இல் திரும்பியதாகச் சொல்கிறீர்கள், அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. ஆனாலும் திரும்பிச் சேர்ந்த ஆணையின் நகலை விண்ணப்பத்தோடு இணையுங்கள். இல்லையென்றால் யாரோ ஒரு உதவியாளர் அதைக் கேட்டு ஃபைலைத் திருப்பி அனுப்புவார், ஒரு மாதம் போய்விடும்.

சம்பளம்: விடுப்புக்கு முன் வாங்கிய விகிதத்திலேயே முழுச் சம்பளமும் படிகளும். இன்க்ரிமென்ட் உரிய தேதியில் வரும். விடுப்பு முடிந்து திரும்பிச் சேர்ந்தால் ஓய்வூதியத்துக்கு அந்தக் காலமும் சேவையாகக் கணக்காகும். திரும்பிச் சேர்வது முக்கியம். போக்குவரத்துப் படியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மாதம் முழுக்க விடுப்பில் இருப்பவருக்கு மத்திய அரசு விதிப்படி அது கிடையாது.

வேறு நிறுவனத்தில் நிரந்தர வேலை சேரக் கூடாது. ஃபெலோஷிப் வாங்கலாம், மதிப்பூதியத்தோடு தற்காலிகமாகக் கற்பிக்கலாம். ஆனால் அப்படி வாங்கினால் ஆட்சிக்குழு விரும்பினால் சம்பளத்தைக் குறைத்து விடுப்பு தரலாம் என்று விதியிலேயே இருக்கிறது. சிறிய தொகைக்காக அந்தக் கதவைத் திறக்காதீர்கள்.

விடுப்பில் என்ன செய்யப் போகிறீர்கள் என்ற திட்டத்தை விண்ணப்பத்தோடு தர வேண்டும். திரும்பி வந்ததும் என்ன செய்தீர்கள் என்று அறிக்கை தர வேண்டும். ஒரு விஷயம் மட்டும் மறக்காதீர்கள், விதியில் இருப்பது 'தரலாம்' என்பதுதான். ஆக உங்கள் உரிமை என்று எழுதினால் ஃபைல் நிற்கும். நல்ல திட்டம் என்று எழுதினால் நகரும்.

செங்கழுநீர் எழுதியது:

மேடம், நான் வரலாற்றுப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வெளிநாடு போகாமல் தமிழ்நாட்டிலேயே சபாட்டிகல் எடுத்தவன். உங்கள் பதிவைப் படித்ததும் நீண்ட பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் உங்கள் ஏரிகளும் என் ஏரிகளும் ஒன்றுதான்.

என் ஆராய்ச்சி செங்கல்பட்டுச் சீமையின் ஏரி மராமத்து பற்றியது. கம்பெனி காலத்தில் அங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் 1799இல் எழுதிய அறிக்கையில் தொடங்கி, பிறகு ரெவின்யூ போர்டு (வருவாய் வாரியம்) நடவடிக்கைகள் வழியாகப் போக வேண்டும். அவை எல்லாம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. காப்பகம் வேலை நாட்களில், அலுவலக நேரத்தில்தான் திறந்திருக்கும். அந்த நேரத்தில்தான் எனக்கு வகுப்பு. உங்களுக்கு மே மாதத்தில் ஏரி காய்வதுபோல எனக்கு சனி ஞாயிறில் காப்பகம் பூட்டியிருக்கும். சனி ஞாயிறில் செய்யலாமே என்பவர்கள் இந்த வேலைகளைச் செய்து பார்த்ததில்லை.

பல வருடம் கோடை விடுமுறையில் போய்க் குறிப்பெடுத்தேன். சீட்டு எழுதிக் கொடுத்து, கட்டு வரும்வரை காத்திருந்து, நொறுங்கும் தாளை மெல்லப் புரட்டி, கையெழுத்துக்குக் கண் பழகும்போது விடுமுறை முடிந்துவிடும். அடுத்த கோடையில் மறுபடி முதலிலிருந்து. சபாட்டிகல் கிடைத்த வருடம் சென்னையில் ஒரு அறை எடுத்துத் தங்கி, தொகுதிகளை வரிசையாகப் படித்தேன். அப்போதுதான் ஒரே கிராமத்தின் மனு வேறு வேறு வருடங்களில் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. கலங்கு (ஏரியின் மிகைநீர் வழியும் அமைப்பு) உடைந்தது, சரிசெய்யுங்கள் என்று ஒரு மனு. தாசில்தாரின் குறிப்பு. எஸ்டிமேட் அதிகம் என்று போர்டின் பதில். சில வருடம் கழித்து அதே கலங்கு, அதே மனு, இந்தத் தடவை கையெழுத்து போட்டிருப்பது மகன். கோடைக்குக் கோடை துண்டு துண்டாகப் படித்திருந்தால் அந்தத் தந்தையையும் மகனையும் நான் சேர்த்துப் பார்த்திருக்கவே மாட்டேன். என் புத்தகத்தின் மையமே அந்த மனுக்கள்தான்.

அதனால் முதல் ஆலோசனை: முழு வருடமாகக் கேளுங்கள். "ஒரு செமஸ்டர் எடுத்துக்கொள்ளுங்கள், மீதியை அப்புறம் பார்க்கலாம்" என்று கட்டாயம் சமரசம் பேசுவார்கள். எனக்கும் பேசினார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு இதில் வலுவான காரணம் இருக்கிறது, தென்மேற்குப் பருவம் மலைக்கு, வடகிழக்குப் பருவம் ஏரிக்கு, அதன்பின் விதை முற்றும் மாதங்கள். மாதவாரியாக ஒரு அட்டவணை போடுங்கள்: எந்த மாதம் எந்த ஏரி, எந்த மலை, எந்த மாதம் ஹெர்பேரியத்தில் (உலர்த்திய தாவர மாதிரிகளின் காப்பகம்). கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் என்று நீங்கள் போகவேண்டிய இடங்கள் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவற்றில் ஒன்றிடமிருந்து "எங்கள் தொகுப்பைப் பயன்படுத்தலாம்" என்று ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். அழைப்புக் கடிதம் கேட்பவர்களுக்கு அது போதும். ஜூனில் தொடங்கும்படி கேளுங்கள்.

இரண்டாவது, துறையின் பொறுப்புகளை எழுத்தில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். ஆய்வகச் சாவி, கொள்முதல் கமிட்டி, தேர்வு வேலை எல்லாம். நான் ஊரை விட்டே போனதற்குக் காரணம் இதுதான். ஊரில் இருந்தால் "ஒரு அரை மணி நேரம் வந்துவிட்டுப் போங்கள் சார்" என்ற அழைப்பு வாரத்துக்கு இரண்டு வரும். அழைப்பவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் வருடம் அப்படியே கரைந்துவிடும். துறை வாட்ஸ்ஆப் குழுவிலிருந்தும் வெளியே வந்துவிடுங்கள்.

பிஎச்டி மாணவர்களை மட்டும் விடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் துறையிலிருந்து ஒரு இணை வழிகாட்டியைப் பெயர் போட்டுக் கேளுங்கள். ஆராய்ச்சி ஆலோசனைக் குழு செமஸ்டருக்கு ஒருமுறை கூட வேண்டும், அந்த நாட்களுக்கு நேரில் வந்துவிடுங்கள். மாணவர்களில் யாருக்காவது களப்பணி இருந்தால் உங்களோடு அழைத்துச் செல்லுங்கள். ஏரியில் இறங்கிப் படிப்பது வகுப்பில் கிடைக்காது.

"சும்மா சம்பளம்" என்று சொல்பவர்களைப் பற்றி. இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதை நான் என் துறையினருக்குச் சொன்னதுண்டு. 1880இல் ஹார்வர்டின் தலைவர் சார்ல்ஸ் எலியட், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த சமஸ்கிருத அறிஞர் சார்ல்ஸ் லான்மனைத் தன் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவர விரும்பினார். ஏழு வருடத்துக்கு ஒருமுறை பாதிச் சம்பளத்தோடு ஒரு வருடம் ஆராய்ச்சிக்கு விடுப்பு என்ற ஏற்பாடு அந்த முயற்சியில்தான் பிறந்தது. லான்மன் பிறகு 1889இல் இந்தியா வந்து, சமஸ்கிருத, பிராகிருத நூல்களும் சுவடிகளுமாக ஏறத்தாழ 500 வாங்கி ஹார்வர்டு நூலகத்தில் சேர்த்தார். நல்ல அறிஞரை வைத்துக்கொள்ள வேண்டுமானால் அவருக்கு நேரம் தர வேண்டும் என்று ஒரு பல்கலைக்கழகம் அன்றே கணக்குப் போட்டிருக்கிறது. அமெரிக்காவில் இன்றும் டெனியூர் (நிரந்தரப் பணி உறுதி) பெற்றவர்களுக்குப் பல இடங்களில் அரை வருடம் என்றால் முழுச் சம்பளம், முழு வருடம் என்றால் பாதிச் சம்பளம். நமக்கு விதியில் முழு வருடத்துக்கும் முழுச் சம்பளம் எழுதியிருக்கிறது. இவ்வளவு தாராளமான விதியை வைத்துக்கொண்டு, தகுதி வந்தும் கேட்கவே கேட்காமல் ஓய்வு பெற்றுப் போகும் நண்பர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. எழுதப்படாமல் போன அவர்களுடைய புத்தகங்களை எனக்குத் தெரியும். டீ குடிக்கும்போது சொல்லியிருக்கிறார்கள்.

தொகுப்பூதியம் எழுதியது:

உங்கள் மூவருக்கும் வணக்கம். மேடம் விடுப்பு எடுப்பதை எதிர்த்து எழுதவில்லை, கோரையைப் பற்றி எழுதியதை ஆர்வமாகப் படித்தேன். ஆனால் "என் வகுப்புகளை யார் எடுப்பார்கள்" என்ற கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எடுப்பது என்னைப்போல ஒருவர்தான்.

பிஎச்டி முடித்து, நெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறி, வருடக்கணக்காக கெஸ்ட் ஃபேகல்டியாக (வகுப்புக் கணக்கில் ஊதியம் பெறும் தற்காலிக ஆசிரியர்) இருக்கிறேன். யுஜிசி 2019இல் அறிவித்தபடி ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000. இணைப்பேராசிரியரின் பணிச்சுமை வாரத்துக்கு 14 மணி நேரம். மாதத்துக்கு 56 வகுப்பு வருகிறது. 33 வகுப்போடு என் 50,000 முடிந்துவிடுகிறது. மிச்சம் 23 வகுப்பை நான் எந்தக் கணக்கில் எடுப்பது? முன்பு ஓரிடத்தில் சபாட்டிகல் போனவரின் பாடங்கள் எல்லாவற்றையும் என் தலையில் கட்டினார்கள். உச்சவரம்புக்கு மேல் ஒரு ரூபாய் வரவில்லை. விடைத்தாள் திருத்தியதும் சேர்த்து. விடுப்பில் போகும் பேராசிரியர்கள் அந்த ஃபைலில் இதையும் ஒரு வரி எழுதிவிட்டுப் போனால் நன்றாக இருக்கும்.

கண்டிக்காரன் எழுதியது:

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். எங்கட பல்கலைக்கழகங்களிலும் ஏழு வருட சேவைக்கு ஒரு வருடம் முழுச் சம்பளத்தோடு சபாட்டிகல் லீவு இருக்கிறது. திரும்பி வந்து சேவை செய்வேன் என்று பிணை எழுதிக் கொடுக்க வேணும். இங்கேயும் பெரும்பாலானவர்கள் வெளிநாடு போகவே பாவிக்கிறார்கள். ஆனால் நாட்டிலேயே இருந்து வேலை செய்தவர்களையும் எனக்குத் தெரியும்.

மிஸ், உங்கட திட்டத்தில் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் உள்ள தேசிய ஹெர்பேரியத்தையும் சேருங்கோ. பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோரை இனங்கள் நிறையப் பொதுவானவை. எங்கட குளங்களும் உங்கட ஏரிகள் மாதிரித்தான், மாரி மழைக்கு நிரம்பி வைகாசி ஆனியில் வற்றும். வன்னிக் குளங்களில் கோரை பார்க்க ஆள் தேவை.

ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய ஃபைல் சார், விதியின் அந்தப் பக்கத்தை இன்றே அச்செடுத்துவிட்டேன். செங்கழுநீர் ஐயா, தந்தையும் மகனும் போட்ட அந்த மனுவைப் படித்துவிட்டு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எழுதிய ஏரி இன்னும் இருந்தால் அதன் பெயரைச் சொல்லுங்கள், என் பட்டியலில் சேர்க்கிறேன். கண்டிக்காரன் சார், பேராதனை நல்ல யோசனை.

தொகுப்பூதியம் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. எங்கள் துறையிலும் அப்படித்தான் நடக்கும். இதை விண்ணப்பத்தில் எழுதினால் "பணம் செலவாகும்" என்று அதையே காரணம் காட்டி மறுத்துவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. எப்படி எழுதுவது?

செங்கழுநீர் எழுதியது:

தொகுப்பூதியம் சொன்ன கணக்கு சரியான கணக்கு. அதை அப்படியே திட்டத்தில் எழுதுங்கள் மேடம். 14 மணி நேரத்தை ஒருவர் உச்சவரம்புக்குள் எடுக்க முடியாது, எனவே இரண்டு கெஸ்ட் ஃபேகல்டி வேண்டும் என்று பாடவாரியாகப் பிரித்துக் காட்டுங்கள். வகைப்பாட்டியல் ஆய்வகத்தை ஒருவர், மற்ற தாள்களை ஒருவர். செமஸ்டர் செமஸ்டராக இல்லாமல் வருடம் முழுவதற்கும் ஒரே ஆணையாகக் கேளுங்கள். விடைத்தாள் திருத்தும் ஊதியம் தனி என்றும் குறிப்பிடுங்கள். இடம் காலியாக இல்லையே, எப்படி ஆள் போடுவது என்று நிதிப் பிரிவு கேட்கும். அதற்குப் பதிலைத் துறைக் கூட்டத்திலேயே தீர்மானமாக வாங்கிவிடுங்கள். துறைத்தலைவரும் அதில் கையெழுத்திட்டால் பிறகு அவரே உங்களுக்காகப் பேசியாக வேண்டும். செலவைக் காட்டினால் மறுப்பார்களோ என்ற பயம் இயல்பானது. ஆனால் செலவை மறைத்தால் அதைத் தன் கையிலிருந்து கொடுப்பவர் தொகுப்பூதியம் மாதிரி ஒருவர்.

தொகுப்பூதியம், நீங்கள் எந்தப் பாடம்? தாவரவியல் என்றால் மேடத்தோடு பேசுங்கள்.

ஏரியின் பெயரைப் பழைய நோட்டுகளில் தேடி எடுத்துத் தருகிறேன். மனுவில் இருக்கும் பெயரும் இன்றைய வரைபடத்தில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். நீங்கள் திட்டத்தின் வரைவைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், ஆட்சிக்குழு கூடுவதற்கு முன் படித்துத் திருத்தித் தருகிறேன்.